நாற்பத்தொரு சுமார்

மார்ச் 3, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு நான் விசாரணை மேஜைக்காரி. ஒன்பதரைக்கு ஆய்வாளர். இந்த ஆஸ்பத்திரியில் இவ்வளவு வேகமாக யாருக்கும் பதவி உயர்வு வந்ததில்லை. நாற்காலி மட்டும் அதே பழையதுதான், ஒரு கால் ஆடும்.

கூப்பிட்டது நிர்வாகி. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சதவீதம். மழை வருமா சார் என்று கேட்டால் அறுபது சதவீதம் என்பார். இன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். "பேஷண்ட்ஸ் எத்தனை சதவீதம் திருப்தியா வீட்டுக்குப் போறாங்கன்னு நமக்குத் தெரியணும்மா. ஆன்லைன்ல ஒரு ஃபார்ம் போடுங்க. மாசக் கடைசியில ரிசல்ட் வேணும்."

கம்ப்யூட்டர் கேட்டேன். இருப்பது இரண்டு. ஒன்றில் பில் போடுகிறார்கள். இன்னொன்றின் பாஸ்வேர்டு தெரிந்தவள் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். "ஃபோன்லயே பண்ணலாம்மா, எல்லாரும் அதுலதான் பண்றாங்க" என்றார். அந்த எல்லாரையும் நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஒன்று சொன்னார். இது நன்றாக வந்தால் என் பர்மனென்ட் விஷயத்தைப் பெரிய டாக்டரிடம் பேசுவாராம். ஆறு வருடமாகத் தற்காலிகமாக இருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் என்னைவிடத் தற்காலிகமாக வந்தவர்கள் நோயாளிகள் மட்டும்தான்.

மார்ச் 5, புதன்

துணி அறையில் உட்கார்ந்து ஃபார்ம் செய்தேன். சிக்னல் கிடைப்பது அங்கேதான். போர்வை அடுக்கு மேஜை, தலையணை மூட்டை நாற்காலி. பெரிய டாக்டருக்குக்கூட இப்படி ஓர் அலுவலகம் கிடையாது.

ஃபோனில் ஃபார்ம் செய்வது என்பது கட்டைவிரலால் ஊசியில் நூல் கோர்ப்பது. மூன்றாவது கேள்வியைப் பிடித்து மேலே இழுத்தால் அது கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துப்புரவு என்று அடித்தால் துப்பு என்பதோடு முடித்துக்கொள்கிறது. ஒரு முழுப் பகுதியை அழித்துவிட்டேன். திரும்ப வேண்டுமா என்று கீழே ஒரு வரி வந்தது, நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் போய்விட்டது. கண்ணாடி என்றால் ஃபோன் கண்ணாடி. எனக்குக் கண்ணாடி கிடையாது, கண் அவ்வளவு கூர்மை.

கடைசியில் ஒரு கட்டம் போட்டேன். அதுதான் என் சாதனை. இடப்பக்கம் வரிசையாக வரவேற்பு, டாக்டர், நர்ஸ், வீல்சேர், துப்புரவு. மேலே இடமிருந்து வலமாக மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வட்டத்தைத் தொட்டால் போதும், விரும்பினால் கீழே கருத்தும் எழுதலாம். வீல்சேரில் போகாதவர்கள் அந்த வரிசையை விட்டுவிடலாம். மோசத்தை ஏன் முதலில் வைத்தேன்? நம் ஜனங்கள் குறை சொல்லத்தான் முதலில் விரலை நீட்டுவார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். இவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர், எல்லாவற்றையும் கை நீளத்துக்குத் தள்ளி வைத்துத்தான் பார்ப்பார். "என்னடி இது, எறும்பு ஊருது?" என்றார். இவர் ஃபோனில் எழுத்து அவ்வளவு பெரியது. நான் அனுப்பும் செய்தியை இவர் படிப்பதற்குள் பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் படித்து முடித்துவிடுவார்.

மார்ச் 6, வியாழன்

பெரிய டாக்டர் ஃபார்மைப் பார்த்தார். "அழகா இருக்கு" என்றார். கண்ணாடி போடாமல்தான் பார்த்தார்.

மார்ச் 10, திங்கள்

ஃபார்ம் ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்குக் கிளம்புகிறவர்களின் ஃபோனுக்கு லிங்க் அனுப்புவேன். உட்கார்ந்து நிரப்பிவிட்டுப் போவார்கள். தோல் பிரிவுக்கு வருகிற இளசுகள் நடந்துகொண்டே நிரப்புகிறார்கள். வயதானவர்கள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதுகிறார்கள்.

பாசஞ்சர் அண்ணன் செய்ததுதான் இன்றைய வேடிக்கை. இவர்தான் எங்கள் ஒரே வீல்சேர் ஆள். பாசஞ்சர் என்று பெயர் வந்ததற்குக் காரணம், வாசலிலிருந்து எக்ஸ்ரே வரை பாசஞ்சர் ரயில் மாதிரி எல்லா இடத்திலும் நிற்பார். ஜன்னலில் நிற்பார், மருந்துக் கடையில் நிற்பார், வண்டியில் இருப்பவருக்குத் தெரிந்த முகம் தட்டுப்பட்டால் நிற்பார். வாய் மட்டும் நிற்காது. சதவீதம் ஒரு தடவை கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இவரை நம்பினால் எலும்பு தானாகவே கூடிவிடும் என்றார்.

இன்று ஒரு அம்மாவை என் மேஜையருகே இறக்கிவிட்டார். அந்த அம்மா ஃபார்மைத் திறந்ததும் இவர் பத்தடி தள்ளிப் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். என்னண்ணே தண்டனையா என்று கேட்டேன். "என்னைப் பத்தி எழுதறப்ப நான் பக்கத்துல நின்னா அவங்க எப்படிம்மா உள்ளதை எழுதுவாங்க?" என்றார். சிரித்தேன். சரி, அந்த மரியாதை எனக்குத் தோன்றியிருக்காது.

மார்ச் 17, திங்கள்

பதில்களைப் படிப்பதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. மனித குலம் ஒரு கஞ்சக் கும்பல் என்று கண்டுபிடித்திருக்கிறேன்.

வீல்சேர் பற்றி ஒரு தாத்தா கருத்து எழுதியிருக்கிறார்: 'தங்கமான மனுஷன். என் பையன்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.' மதிப்பீடு? சுமார். தங்கமே சுமார் என்றால் பித்தளைக்கு என்ன போடுவாராம்? இன்னொரு அம்மா: 'லிஃப்ட் வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.' சுமார். பெரிய டாக்டர் வயிற்றைக் கிழித்துத் தைத்து உயிரோடு அனுப்பிய ஒருவர் அவருக்கும் சுமார் போட்டிருக்கிறார். பெரிய டாக்டரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். "வயசானா அப்படித்தாம்மா, எதுவும் பிடிக்காது" என்றார். அவருக்கு எழுபத்திரண்டு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நான் லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவங்க எவனாச்சும் வந்து நன்றி சொல்லியிருக்கானா? நீ வேற" என்றார். ஆக இரண்டு ஆராய்ச்சியாளர்களும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டோம்.

மார்ச் 28, வெள்ளி

முந்நூற்றுப் பத்து பதில்கள். சதவீதம் என் ஃபோனைப் பிடுங்காத குறைதான். வட்டமாக, கலர் கலராக அவரே பிரிண்ட் எடுத்துவிட்டார். ஐந்துக்கு டாக்டர் 4.4. நர்ஸ் 4.3. துப்புரவு 4.1. எனக்கு, அதாவது வரவேற்புக்கு, 4.2. வீல்சேர் 3.1.

வீல்சேருக்குப் பதில் சொன்னவர்கள் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்தொரு சுமார். இரண்டே இரண்டு மிக நன்று. அந்த இரண்டும் பாசஞ்சர் அண்ணனின் சொந்தக்காரர்களாக இருக்கும் என்று நானே ஜோக் அடித்தேன். சதவீதம் சிரித்துவிட்டு, அண்ணனின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை, வெளியிலிருந்து ஏஜென்சி ஆள் வருவார் என்றார். சிரித்த வாயை மூட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சார், கருத்தெல்லாம் ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க சார்" என்றேன்.

"கருத்துக்குச் சதவீதம் போட முடியாதும்மா."

அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? என் பர்மனென்ட் காகிதம் அதே மேஜையில், அந்தக் கலர் வட்டத்துக்குக் கீழே இருந்தது. அதுதான் காரணம். வேறு மண்ணாங்கட்டி எதுவும் இல்லை.

மார்ச் 31, திங்கள்

பாசஞ்சர் அண்ணனின் கடைசி நாள். சாயங்காலம் வண்டியைத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, என் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். எப்போதும் உட்காருகிற பெஞ்சில் உட்காரவில்லை.

"நாப்பத்தோரு பேரும்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"யாரு யாருன்னு அதுல பேரு வருமா?"

வராது அண்ணே என்றேன். உண்மைதான், பெயர் கேட்கவில்லை. "அதுவும் நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2, புதன்

என் ஃபோன் பினாயில் வாளியில் விழுந்துவிட்டது. நான் எழுத வந்தது அது இல்லை.

புது மாதத்து ஃபார்முக்குத் தேதி மாற்ற வேண்டும். அதனால் வீட்டுக்கு வந்ததும் இவர் ஃபோனை வாங்கினேன். லிங்கை நோயாளி திறக்கிற மாதிரியே திறந்தேன். எழுத்து ஒவ்வொன்றும் கடை போர்டு அளவுக்கு இருந்தது. கட்டம் வந்தது. மிக மோசம். மோசம். சுமார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஃபோன் முடிந்துவிட்டது.

நன்று எங்கே? நான் போட்டேனே? அழிந்துவிட்டதா? விரலை வைத்து இழுத்தேன். கட்டம் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தது. நன்றும் மிக நன்றும் வலப்பக்கம் ஒளிந்துகொண்டிருந்தன. இழுக்கலாம் என்று ஓர் அம்புக்குறி இல்லை, ஒரு கோடு இல்லை. தெரிந்தவன் இழுப்பான். தெரியாதவன் இருப்பதிலேயே உசத்தியாக எது தெரிகிறதோ அதைத் தொடுவான்.

பெரிய எழுத்து வைத்திருப்பவர்கள் யார்? வயதானவர்கள். வீல்சேரில் போகிறவர்கள் யார்? கடவுளே. அவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை. இருந்ததிலேயே பெரிய நோட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைக் கிழிந்த நோட்டு என்று சொல்லிவிட்டேன். கண்ணு கூர்மையாம், கழுகாம் நான். தோல் பிரிவு இளசுகளைப் போலப் பொடி எழுத்து வைத்துக்கொண்டு உலகத்துக்கே ஃபார்ம் போட்டேன்.

இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். இந்த மனுஷர் எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார். இன்று எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லவில்லை. மூன்று தடவை சதவீதத்தின் கதவு வரை போனேன். நான்காவது தடவை பாத்ரூமுக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். சதவீதம் கதவைச் சாத்தினார். பொறுமையாகக் கேட்டார், அதற்கு ஒரு நன்றி.

"ஓ. சரி. புது ஃபார்ம்ல சரி பண்ணிடுங்க."

"பாசஞ்சர் அண்ணன் சார்?"

"அது முடிஞ்சு போச்சேம்மா. ஏஜென்சிகூடப் பேசியாச்சு. பெரிய டாக்டர்கிட்ட கலர் சார்ட் காட்டியாச்சு. இப்பப் போய் தப்புன்னு சொன்னா நம்ம ரெண்டு பேரு நிலைமையும் என்ன ஆகும்? யோசிங்க." என் காகிதத்தை இரண்டு விரலால் தட்டிக் காட்டினார். "இது திங்கக்கிழமை மீட்டிங்ல வருது."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே கேவலமான வார்த்தை அதுதான். யோசிக்கிறதுக்கு என்னடி இருக்கு அதுல?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஃபோன் பிழைத்துவிட்டது. பினாயில் வாசனை மட்டும் போகவில்லை. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சின்னதாக ஒரு ஃபார்ம் போட்டேன். ஒரே ஒரு வரிசை, அதே ஐந்து வட்டம். இவர் எட்டிப் பார்த்தார். வரிசையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "நாளைக்கு வேலை இருக்குமா உனக்கு?" என்றார். நாற்பது சதவீதம் என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

மாதாந்திரக் கூட்டம். பெரிய டாக்டர், சதவீதம், தலைமை நர்ஸ், மருந்துக் கடைக்காரர், கணக்கர், இரண்டு இளம் டாக்டர்கள். மூலையில் டீ தட்டோடு நான்.

சதவீதம் கலர் வட்டத்தைத் தூக்கிக் காட்டியதும் நான் எழுந்தேன். கால் ஆடியது, இந்தத் தடவை நாற்காலிக்கு இல்லை. "சார், ஒரு நிமிஷம். எல்லாருக்கும் ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். நிரப்பிக் குடுத்தீங்கன்னா ஃபார்ம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டிடுவேன்." பெரிய டாக்டருக்கு இந்த மாதிரி விளையாட்டு பிடிக்கும். உடனே ஃபோனை எடுத்தார். அவர் எடுத்தால் எல்லோரும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி இதுதான்: நம் நிர்வாகியின் பணி எப்படி? நமட்டுச் சிரிப்புகள். சதவீதம் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்துவிட்டு, இது சரி பண்ணிய புது ஃபார்ம் என்று நினைத்தோ என்னவோ, அவரும் குனிந்து நிரப்பினார்.

ஏழு பதில் வந்தது. வாசித்தேன். மிக நன்று இரண்டு. சுமார் ஐந்து.

சதவீதத்தின் முகம் சுண்டிப்போனது. பெரிய டாக்டர் சுற்றிப் பார்த்தார். "யாருய்யா அது சுமார் போட்டது? பாவம், மனுஷன் ராப்பகலா உழைக்கிறாரு."

"நீங்க என்ன சார் போட்டீங்க?" என்று கேட்டேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?

பெரிய டாக்டர் ஃபோனைப் பார்த்தார். "நானும் சுமார்தான் போட்டேன். இதுல இருக்கறதுலயே அதுதானேம்மா மேல?" தலைமை நர்ஸ், "எனக்கும் அதுதான் கடைசி" என்றார். மருந்துக் கடைக்காரர் தலையாட்டினார். கணக்கர், ஏதோ புது முறை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாராம்.

அப்புறம் எல்லோரும் சதவீதத்தைப் பார்த்தோம். ஐந்தாவது சுமார் யார் என்று கணக்கு போட அவர் ஒருவர்தான் பாக்கி.

"நானே எனக்கு..." என்றார்.

இரண்டு இளம் டாக்டர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்கள். நான் பெரிய டாக்டரின் ஃபோனை வாங்கி, கட்டத்தை விரலால் பக்கவாட்டில் இழுத்துக் காட்டினேன். நன்று வந்தது. மிக நன்று வந்தது. அவர் அதை முன்னும் பின்னும் நாலைந்து தடவை இழுத்துப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. "அந்த வீல்சேர் ஆளு?" என்றார்.

"தப்பு என்னுதுதான் சார். ஃபார்ம் போட்டது நான். சின்ன எழுத்துல மட்டும் பார்த்துட்டு விட்டுட்டேன்."

"அவரைக் கூப்பிடுங்க. நாளைக்கே." என் காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் சதவீதம் அதை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். பூட்டவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஃபோனில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. விலாசம் வாங்கிக்கொண்டு நேரே போனேன். மாடியில் ஒற்றை அறை வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனைவிதான் சொன்னார்: "தூங்கவே இல்லைம்மா இவரு. ஒவ்வொருத்தரா சொல்லிச் சொல்லிப் பாக்கறாரு."

"வேலை போனா இன்னொண்ணு பாத்துக்கலாம்மா" என்றார் அண்ணன். "ஆனா நாப்பத்தோரு பேருக்கு நம்மளைப் பிடிக்கலைன்னா எங்கயோ தப்பு பண்ணியிருக்கணும்ல? லிஃப்ட் வாசப்படியில வண்டி இடிச்சுதே, அந்த ஐயாவா இருக்குமோ. ரொம்பப் பேசிட்டேனோ. அந்த அம்மா கண்ணை மூடிக்கிட்டு வந்தாங்களே, தூங்கினாங்களா, என் பேச்சு பிடிக்காம மூடிக்கிட்டாங்களா... இப்படியே யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், என்ன இப்போ. வேலையைத்தான் பறித்துவிட்டேன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே, மடச்சி.

பினாயில் ஃபோனை எடுத்துக் கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். யாரும் அவருக்கு இதைக் காட்டவே இல்லை. சதவீதம் பிரிண்ட் எடுத்தது எண்களை மட்டும். 'என் பையன்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை' என்று வாசித்ததும், "இடுப்பெலும்பு ஐயா" என்றார் மெதுவாக. லிஃப்ட் வரும் வரை கை பிடித்ததை வாசித்ததும், "ஆபரேஷனுக்கு முந்தின நாள், அந்த டீச்சரம்மா" என்றார். பெயரே கேட்காத ஃபார்மில் அத்தனை பேரையும் அவர் அடையாளம் கண்டுபிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு வந்த அம்மா எழுதியிருந்தது ஒரே வரிதான்: 'குரல் கேட்டுக்கொண்டே போனதில் பயம் தெரியவில்லை.'

அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஏப்ரல் 10, வியாழன்

அண்ணன் வந்துவிட்டார். பெரிய டாக்டர் கை கொடுத்தார். சதவீதம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அது நூறு சதவீதம் முதல் தடவை.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஒன்று சரியில்லை. அண்ணன் பேசுவதில்லை. வாசலில் ஏற்றுகிறார், எக்ஸ்ரேயில் இறக்குகிறார், நடுவில் எங்கும் நிற்பதில்லை. இறக்கிவிட்டதும், "ஏதாவது குறை இருந்தா சொல்லிடுங்க" என்று கேட்கிறார். முன்பு ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. சதவீதத்துக்கு ஒரே சந்தோஷம், வேகம் இரண்டு மடங்கு என்கிறார்.

அண்ணனிடமே போய்க் கேட்டேன். "யாருக்குப் பேச்சு பிடிக்கும், யாருக்குப் பிடிக்காதுன்னு முன்னாடி பாத்தவுடனே தெரியும்மா. இப்பத் தெரியல" என்றார்.

அதற்கு என்ன ஃபார்ம் போடுவது?

ஏப்ரல் 17, வியாழன்

வீல்சேர் வரிசையை ஃபார்மிலிருந்து எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. சதவீதம் பார்த்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 23, புதன்

இன்று ஒரு பருத்த கிழவி வந்தாள். காலில் கட்டு, கையில் பை நிறைய ரிப்போர்ட், வாய் நிறைய வசவு. பஸ்காரனைத் திட்டினாள், மருமகளைத் திட்டினாள், என் மேஜையைத் திட்டினாள். அண்ணன் குனிந்த தலையோடு தள்ளிக்கொண்டு போனார். மருந்துக் கடை தாண்டியதும் அவள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"ஏம்ப்பா, நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டே வர்றேன், நீ ஊமை மாதிரி தள்ளிக்கிட்டே வர்ற. உள்ள என்னைக் கிழிக்கப் போறாங்க. ஏதாவது பேசித் தொலையேன்!"

அண்ணன் நின்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன், அவருக்குத் தெரியாது. வண்டிக்கு பிரேக் போட்டார். பிறகு முன்னால் வந்து அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைப் பார்த்து, "எப்படி விழுந்தீங்க?" என்றார்.

அவள் சொன்னாள். அது சின்னக் கதை இல்லை. இவர் குறுக்கே கேள்வி கேட்டார், அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், இவர் சிரித்தார், அவள் இவர் தோளில் ஒரு அடி போட்டாள். எக்ஸ்ரே அறையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள். மாடிப்படியில் சதவீதம் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தபடி இறங்கி வந்தார்.

நான் போய் அவர் முன்னால் நின்று, அவசரமாக ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் சார் என்று சொல்லி, அவரைத் துணி அறைக்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டேன்.